டைம்லாப்ஸ் தொடங்க எந்த வழி? கையில் இருக்கும் கேமராவுக்கு ஏற்ற முடிவு

மேகம் மலையேறுவதையும் மொட்டு விரிவதையும் பத்து விநாடிக் காட்சியாகச் சுருக்கும் டைம்லாப்ஸைப் பார்த்து மயங்கியவர்கள் அடுத்துக் கேட்பது, "இதற்கு எந்த கேமரா வாங்க வேண்டும்?" என்பதுதான். பெரும்பாலும் எதையும் வாங்க வேண்டியதில்லை. பத்தாண்டுப் பழைய டிஎஸ்எல்ஆரும் அதோடு வந்த 18-55 லென்ஸும் போதும். முடிவு செய்ய வேண்டிய விஷயம் வேறு. ஐந்து விநாடிக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம், பிசகாமல் ஷட்டரை இயக்கப்போவது எது?

வீடியோவாக எடுத்துப் பின்னால் வேகப்படுத்தலாம். கேமராவே படங்களை எடுத்து வீடியோவாகக் கோத்துத் தரும் வசதியைப் பயன்படுத்தலாம். கேமராவுக்குள் இருக்கும் இடைவெளி டைமரைக் கொண்டு தனித்தனிப் படங்களாக எடுக்கலாம். டைமர் இல்லாத கேமராவில் வெளியிலிருந்து ஒரு ரிமோட்டைச் செருகலாம், அல்லது மடிக்கணினியோடு இணைக்கலாம். இவற்றை எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: வேலை முடிந்தபின் தனித்தனிப் படங்கள் கையில் மிஞ்சுகின்றனவா? மிஞ்சினால் வெளிச்சக் குறை, கோணல், வேகம் என்று எதையும் பிறகு சரிசெய்யலாம். மிஞ்சாவிட்டால் கிடைத்ததே முடிவு. இந்த ஒரு கேள்வியை முன்னால் வைத்துக்கொண்டால் மற்றவை தாமாக வரிசைப்படும்.

முதலில் கணக்கு

வழியைத் தேர்வதற்கு முன் எடுக்கப்போகும் காட்சியின் கணக்கைப் போட்டுவிட வேண்டும். வீடியோ விநாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனிப்படம், ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் பத்து விநாடிக் காட்சிக்கு 250 படங்கள் தேவை. கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் நின்று பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் மேகத்தை 5 விநாடிக்கு ஒரு படம் என்று எடுத்தால் 250 படத்துக்கு 21 நிமிடம் ஆகும். இரவு வானில் விண்மீன்கள் நகர்வதை 25 விநாடிக்கு ஒன்று என்று எடுத்தால் அதே பத்து விநாடிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். இரவில் பூக்கும் நிஷாகந்தி மலர்வதை 30 விநாடிக்கு ஒன்று என்று எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்.

இடைவெளியை எப்படித் தீர்மானிப்பது? பொருள் ஃபிரேமுக்குள் எவ்வளவு வேகமாக இடம் மாறுகிறது என்பதைப் பார்த்துத்தான். சாலைப் போக்குவரத்துக்கும் காற்றில் விரையும் மழைமேகத்துக்கும் 1 முதல் 2 விநாடி. நிதானமான மேகத்துக்கு 5 முதல் 10. நிழல் நகர்வதற்கு 15 முதல் 30. சூரியன் கொஞ்சம் ஏமாற்றும். வானில் தன் விட்டத்தின் அளவு நகர அதற்கு இரண்டு நிமிடமே போதும். 18 மில்லிமீட்டர் லென்ஸில் அது ஒரு புள்ளி என்பதால் 8 விநாடி இடைவெளிகூட வழுவழுப்பாகத் தெரியும். அதே சூரியனைக் கன்னியாகுமரியில் திருவள்ளுவர் சிலைக்குப் பின்னால், தூரத்தை நெருக்கிக் காட்டும் 200 மில்லிமீட்டர் லென்ஸில் பிடித்தால் 8 விநாடி இடைவெளியில் துள்ளித் துள்ளி ஏறும். 2 விநாடிக்கு இறங்கியாக வேண்டும். ஆகவே இடைவெளி எவ்வளவு என்று கேட்பவர்களிடம் எந்த லென்ஸ் என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம்.

சந்தேகம் வந்தால் குறைவான இடைவெளியையே தேர்ந்தெடுங்கள். அதிகமாக எடுத்த படங்களில் ஒன்றுவிட்டு ஒன்றை நீக்கி வேகத்தைக் கூட்டலாம். எடுக்காத படத்தை உண்டாக்க நல்ல வழி இல்லை.

வீடியோவாக எடுத்து வேகப்படுத்துவது

எல்லோரும் முதலில் முயலும் வழி இது. இதை ஒதுக்கித் தள்ள மாட்டேன். ஒரு வகைக் காட்சிக்கு இதுவே மிகச் சிறந்தது. மார்கழியில் வாசலில் ஒருவர் புள்ளி வைத்துப் பெரிய கோலம் போடுகிறார். இருபது நிமிட வேலை. அதை முப்பது விநாடியாகச் சுருக்க நாற்பது மடங்கு வேகம் போதும். கை எந்த நேரத்தில் எந்தப் புள்ளியில் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கோலத்தின் ஒரு வளைவு நன்றாகச் சுற்றி முடியும் இடத்தில் வேகத்தைக் குறைத்துக் காட்டவும் தோன்றும். வீடியோ இருந்தால் எந்த இடத்தில் எந்த வேகம் என்பதைப் பின்னால் நிதானமாக முடிவு செய்யலாம். சமையல், ஓவியம், கூட்டம் கூடிக் கலைவது போன்ற, அரை மணிக்குள் முடியும் மனித வேலைகளுக்கெல்லாம் வீடியோதான் என் பரிந்துரை. ஷட்டர் தேய்மானமும் இல்லை.

அரை மணியைத் தாண்டியதும் இதன் பலவீனங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். பல பழைய கேமராக்களில் வீடியோ 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும். விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி தேவை. அதிலிருந்து கடைசியில் பயன்படப்போவது சில நூறு ஃபிரேம்கள்தாம். சித்திரை வெயிலில் டிஎஸ்எல்ஆரில் உள்ள கண்ணாடி இல்லாத சிறிய மிர்ரர்லெஸ் கேமராக்கள் தொடர்ந்து 4கே எடுத்தால் சூடேறி அணைந்துவிடுவதும் உண்டு.

தரத்திலும் வேறுபாடு இருக்கிறது. 4கே வீடியோவின் ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 8 மெகாபிக்சல். சாதாரண 24 மெகாபிக்சல் கேமராவின் புகைப்படம் 6000 பிக்சல் அகலம் கொண்டது. 4கே-க்கு வேண்டியது 3840 என்பதால், புகைப்படத்தில் ஒன்றரை மடங்கு நெருங்கிக் காட்டவும், காட்சிக்குள் மெல்ல நகர்ந்து செல்லவும் இடம் இருக்கிறது. இன்னொன்று, வீடியோவில் விநாடிக்கு 25 ஃபிரேம் எடுத்தாக வேண்டும் என்பதால் ஒரு ஃபிரேமுக்கு 1/25 விநாடிக்குமேல் வெளிச்சம் வாங்க முடியாது. விண்மீன்களுக்கு அது போதவே போதாது. இரவு வானம் உங்கள் விருப்பம் என்றால் வீடியோ வழியை இங்கேயே மூடிவிடலாம்.

கேமராவே கோத்துத் தரும் வீடியோ

இப்போதைய கேமராக்கள் பலவற்றில் 'டைம்லாப்ஸ் மூவி' என்று ஒரு தேர்வு இருக்கும். இடைவெளியையும் எண்ணிக்கையையும் சொல்லிவிட்டால் கடைசியில் ஒரு வீடியோ கோப்பு கையில் வரும். கணினியில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. ஒரு பயணத்தில், அன்று மாலையே குடும்பத்தாருக்குக் காட்ட வேண்டும் என்றால் இது அருமையான வசதி.

ஆனால் கேனான், நிக்கான் மாடல்கள் பலவற்றில் இந்த முறையில் தனிப்படங்கள் சேமிக்கப்படுவதில்லை. நடுவில் ஒருவர் லென்ஸுக்கு முன்னால் வந்து நின்றால் அந்த ஃபிரேமைத் தனியாக எடுத்தெறிய முடியாது. அடிவானம் சற்றுச் சாய்ந்திருந்தால் நிமிர்த்தும்போது தரம் குறையும். கற்றுக்கொள்ளும் காலத்தில் இத்தகைய பிழைகள் எல்லோருக்கும் வரும். திருத்த வழியே இல்லாத முறையை அந்தக் காலத்தில் தேர்வது வீண் என்பது என் உறுதியான எண்ணம்.

பானசோனிக் லூமிக்ஸ் மாடல்கள் இதை அழகாகத் தீர்த்திருக்கின்றன. படங்களைத் தனித்தனியாகவே சேமித்துவிட்டு, எல்லாம் முடிந்ததும் "வீடியோவாக மாற்றட்டுமா?" என்று கேட்கும். வீடியோவும் கிடைக்கும், மூலப்படங்களும் மிஞ்சும். ஒலிம்பஸ் கேமராக்கள் பலவற்றிலும் இப்படித்தான். இந்த இரண்டில் ஒன்று வீட்டில் இருந்தால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம். அதையே தூசு தட்டி எடுங்கள்.

கேமராவுக்குள்ளேயே இருக்கும் இடைவெளி டைமர்

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. செருக ஒன்றும் இல்லை, மழையில் நனைய வயர் இல்லை, இருட்டில் தேட வேண்டிய துணைக்கருவி இல்லை. மெனுவில் இடைவெளி, எண்ணிக்கை, தொடங்கும் நேரம் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு நகரலாம். படங்கள் ஒவ்வொன்றும் முழு அளவில், தனித்தனியாகக் கார்டில் விழும்.

நிக்கான் இந்த வசதியை டி5300 போன்ற நடுத்தர மாடல்களிலேயே தந்திருக்கிறது. ஃபியூஜிஃபிலிம் எக்ஸ் வரிசையில் பெரும்பாலானவற்றில் உண்டு. கேனான் டிஎஸ்எல்ஆர்களில் 2014-இல் வந்த 7டி மார்க் 2-இல்தான் முதன்முதலில் இது உள்ளே வந்தது. அதற்கு முந்தைய கேனான் வைத்திருப்பவர்கள் மெனுவில் தேடிப் பயனில்லை. 7டி மார்க் 2-இன் டைமரில் எண்ணிக்கை 99 வரைதான் காட்டும். அதைப் பார்த்து நான்கு விநாடிக் காட்சிதான் கிடைக்கும்போல என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். 00 என்று வைத்தால் நீங்கள் நிறுத்தும்வரை எடுத்துக்கொண்டே இருக்கும். சோனி தன் பழைய மாடல்களுக்கு இதைத் தனிச் செயலியாக விற்றது. ஏ7 மார்க் 3 கேமராவுக்கு 2019-இல் மென்பொருள் புதுப்பிப்பு வழியாக இலவசமாகச் சேர்த்தது. ஆகவே, உங்கள் கேமராவில் இல்லை என்று முடிவுகட்டும் முன் அதன் மென்பொருள் பதிப்பைப் பார்த்துவிடுங்கள்.

தனிப்படங்கள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் மலையிலேயே பெரிய சான்று இருக்கிறது. 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம், 1904 முதல் வானம் தெளிவாக இருக்கும் நாளெல்லாம் சூரியனைப் படம்பிடித்து வந்திருக்கிறது. நாளுக்கு ஒரு படம் என்ற இடைவெளியில் நூறாண்டைத் தாண்டிய டைம்லாப்ஸ் என்றே அதைச் சொல்லலாம். அந்தப் படங்கள் கண்ணாடித் தகடுகளிலும் ஃபிலிம்களிலும் தனித்தனியாகப் பாதுகாக்கப்பட்டன. பல பத்தாண்டுகள் கழித்து அவற்றை எண்மமாக்கியபோது, எடுத்தவர்கள் கனவிலும் நினைத்திராத விதங்களில் சூரியப் புள்ளிகளை அளக்க முடிந்தது. நம் மொட்டைமாடி மேகத்துக்கு அந்த அளவு மதிப்பு இல்லைதான். என்றாலும் மூலப்படங்களை வைத்திருப்பவருக்குப் பின்னாளில் புதிய கருவிகளும் புதிய கேள்விகளும் கிடைக்கும் என்பது இருவருக்கும் பொது.

இந்த வழியின் உண்மையான செலவு ஷட்டர் தேய்மானம். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களின் ஷட்டர் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை இயங்கும் என்ற கணக்கில் செய்யப்படுகிறது. காட்சிக்கு 500 படம் என்றால் 200 காட்சிகள். ஓராண்டு ஆர்வத்துக்கு அது தாராளம். வாரந்தோறும் இரண்டு மூன்று எடுப்பவருக்கு இரண்டு ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். மிர்ரர்லெஸ் வைத்திருப்பவர்கள், அசையும் பாகமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறினால் இந்தத் தேய்மானம் அடியோடு இல்லை, ஓசையும் இல்லை. குழல்விளக்கு, எல்இடி வெளிச்சத்தில் மட்டும் அதைத் தவிர்க்க வேண்டும். படத்தில் பட்டை பட்டையாக இருள் விழும்.

வெளியிலிருந்து செருகும் ரிமோட்

கேமராவில் டைமர் இல்லையென்றால் அடுத்த நல்ல வழி இன்டர்வலோமீட்டர் எனப்படும் வயர் ரிமோட். உள்ளங்கை அளவுள்ள கருவி, சிறு திரை, நான்கைந்து பொத்தான்கள். கேமரா நிறுவனங்களின் சொந்தத் தயாரிப்புகள் விலை அதிகம். பிற நிறுவனங்கள் செய்பவை சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடுகின்றன. இந்த வேலைக்கு அவையே போதும்.

தனிப்படங்கள் மிஞ்சும் என்பதில் இது உள் டைமருக்கு நிகர். ஒரு விதத்தில் மேல். பல கேமராக்களின் உள் டைமரில் 30 விநாடியைத் தாண்டிய எக்ஸ்போஷரை (ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை) வைக்க முடியாது. ரிமோட் இருந்தால் கேமராவை 'பல்பு' என்ற நிலையில் வைத்துவிட்டு இரண்டு நிமிடமோ நான்கு நிமிடமோ ஷட்டரைத் திறந்து வைக்கலாம். நிலவில்லாத இரவில், இருண்ட காட்டின் விளிம்பில் அது கைகொடுக்கும்.

வாங்கும்போது பெரும் குழப்பம் செருகும் முனைதான். கேனானின் தொடக்கநிலை மாடல்களில் பழைய இயர்போன் முனையின் சிறு வடிவமான 2.5 மில்லிமீட்டர் துளை இருக்கும்; 5டி, 7டி வரிசையில் மூன்று ஊசிகள் கொண்ட வேறு முனை. நிக்கானில் சிறிய மாடல்களுக்கு ஒரு வகை, பெரிய மாடல்களுக்குப் பத்து ஊசி கொண்ட இன்னொரு வகை. சோனி ஏ6000-இல் யூஎஸ்பி போலத் தோன்றும் தனி வடிவம். உங்கள் கேமராவின் மாடல் எண்ணைச் சொல்லி, அந்த எண் பெட்டியில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நிக்கான் டி3500 வைத்திருப்பவர்கள் நம் ஊரில் மிகுதி. அதில் உள் டைமரும் இல்லை, வயர் ரிமோட்டைச் செருகும் துளையும் இல்லை. அதற்காக ரிமோட் வாங்கிவிடாதீர்கள். உங்களுக்கான வழி அடுத்த பகுதியில் இருக்கிறது.

ரிமோட் கைக்கு வந்ததும் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிட வேண்டும். 'இடைவெளி' என்று அது எதை எண்ணுகிறது? சில ரிமோட்டுகள் ஒரு படத்தின் தொடக்கத்திலிருந்து அடுத்த படத்தின் தொடக்கம்வரை எண்ணும். சில, எக்ஸ்போஷர் முடிந்தபிறகே எண்ணத் தொடங்கும். 20 விநாடி எக்ஸ்போஷருக்கு 25 விநாடி இடைவெளி என்று வைத்தால் முதல் வகையில் படங்கள் சரியாக வரும். இரண்டாம் வகையில் 45 விநாடிக்கு ஒன்றாகிவிடும். எந்த வகையாக இருந்தாலும் கேமரா படத்தைக் கார்டில் எழுதி முடிக்க ஓரிரு விநாடி விட்டுவைக்க வேண்டும். நெருக்கி வைத்தால் கேமரா நடுநடுவே ஒரு படத்தை விழுங்கிவிடும். மேகம் ஓரிடத்தில் திடீரெனத் தாவும்.

மடிக்கணினி, மாற்று மென்பொருள், கைப்பேசி

டி3500 போன்றவற்றுக்கு மடிக்கணினி நன்றாக உதவும். யூஎஸ்பி வயரால் இணைத்து, டிஜிகேம்கன்ட்ரோல் போன்ற இலவச மென்பொருளில் இடைவெளியைக் கொடுத்தால் கணினியே ஷட்டரை இயக்கும். உங்கள் மாடலுக்கு அது பொருந்துகிறதா என்று முதலில் இணைத்துப் பாருங்கள். பூ மலர்வது, விதை முளைப்பது, பனிக்கட்டி உருகுவது என்று வீட்டுக்குள் எடுப்பவர்களுக்கு இது உள் டைமரைவிடச் சிறந்தது. பெரிய திரையில் ஒவ்வொரு படத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மலைமேல் தூக்கிச் செல்ல மட்டும் ஏற்றதல்ல.

பழைய கேனான் டிஎஸ்எல்ஆர்களுக்கு மேஜிக் லேண்டர்ன் என்ற மாற்று மென்பொருள் உண்டு. கார்டில் ஏற்றிக்கொண்டால் இடைவெளி டைமர் வந்துவிடும். பழைய கேனான் பவர்ஷாட் சிறு கேமராக்களுக்கு சிஎச்டிகே உள்ளது. இரண்டும் நிறுவனம் அங்கீகரித்தவை அல்ல என்பதால் ஒரே கேமராவை நம்பித் தொழில் செய்பவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அலமாரியில் தூங்கும் இரண்டாவது கேமரா என்றால் தாராளமாக முயலலாம்.

கைப்பேசியைப் பற்றி ஒரே ஒரு செய்தி. ஐபோனின் டைம்லாப்ஸ், பதிவின் நீளம் கூடக் கூட இடைவெளியைத் தானே மாற்றிக்கொள்ளும்; பத்து நிமிடம் எடுத்தாலும் இரண்டு மணி நேரம் எடுத்தாலும் அரை நிமிடத்தை ஒட்டிய வீடியோ வரும்படி அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. வசதிதான். ஆனால் இடைவெளி என்ற முடிவே உங்களிடம் இல்லாதபோது கற்றுக்கொள்வதற்கும் அதிகம் மிஞ்சாது.

எந்த வழியானாலும் வரும் ஒரு சிக்கல்: மினுக்கம்

தனிப்படங்களாக எடுப்பவர்களின் முதல் காட்சியில் பெரும்பாலும் ஒரு குறை இருக்கும். வெளிச்சம் படத்துக்குப் படம் துடித்துக்கொண்டே இருக்கும். இது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் மேனுவலா, ஆட்டோவா, ராவா (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு), ஜேபெக்கா (சுருக்கிய சாதாரணப் படக் கோப்பு) என்ற தேர்வுகளைச் சரியாகச் செய்ய முடியும்.

முதல் காரணம் ஆட்டோ எக்ஸ்போஷர். ஒரு வெண்மேகம் வந்தால் கேமரா இருட்டாக்கும், நகர்ந்தால் வெளிச்சமாக்கும். வெளிச்சம் மாறாத நேரத்தில் எல்லாவற்றையும் மேனுவலில் பூட்டிவிடுவதே தீர்வு: ஷட்டர், அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை), ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), ஃபோகஸ். ஃபோகஸை ஒருமுறை தானாகப் பிடிக்கவிட்டு உடனே மேனுவலுக்கு மாற்றுங்கள். லென்ஸின் அதிர்வுத் தடுப்பையும் டிரைபாடில் அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது காரணம் பலருக்கும் தெரியாது. டிஎஸ்எல்ஆர் லென்ஸின் அப்பர்ச்சர், படம் எடுக்கும் கணத்தில் மட்டும் மூடித் திறக்கும். துளையின் அளவை எஃப் 8 என்று வைத்தாலும் ஒவ்வொரு முறையும் இம்மியளவு முன்பின்னாக மூடும். தனிப்படத்தில் தெரியாத அந்த வேறுபாடு 250 படங்கள் ஓடும்போது துடிப்பாகத் தெரிகிறது. அப்பர்ச்சரை முழுவதும் திறந்து வைத்து எடுத்தால் மூட வேண்டிய தேவையே எழாது. இன்னும் நல்லது, அப்பர்ச்சர் வளையத்தைக் கையால் திருப்பிப் பூட்டும் பழைய மேனுவல் லென்ஸை அடாப்டரோடு மாட்டுவது. அடாப்டர் வழியாக மாட்டிய லென்ஸின் துளை, வைத்த அளவிலேயே நிற்கும்.

சூரிய மறைவில் மேனுவல் ஈடுகொடுக்காது. பகல் வெயிலில் எஃப் 8, ஐஎஸ்ஓ 100-இல் 1/400 விநாடி போதும் என்றால், இருட்டியபின் 20 விநாடி தேவைப்படும். ஷட்டரில் மட்டுமே 8,000 மடங்கு வேறுபாடு. அங்கே, அப்பர்ச்சரை மட்டும் நாம் வைத்து மற்றதைக் கேமராவிடம் விடும் அப்பர்ச்சர் பிரயாரிட்டியில் வைத்து, ஐஎஸ்ஓ-வுக்கு ஒரு மேல்வரம்பு கொடுத்து, வரும் மினுக்கத்தை மென்பொருளில் சமன்செய்வதே நடைமுறை. எல்ஆர்டைம்லாப்ஸ் என்ற மென்பொருள், படங்களைத் திருத்தும் லைட்ரூமோடு சேர்ந்து இந்த வேலைக்கென்றே உருவானது. வீடியோ தொகுக்கும் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, எண் வரிசையில் இருக்கும் படங்களை ஒரே காட்சியாக எடுத்துக்கொள்ளும். மினுக்கம் நீக்கும் கருவிக்கு அதன் கட்டணப் பதிப்பு வேண்டும். டிஎஸ்எல்ஆரில் ஆட்டோவில் எடுக்கும்போது கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரை ஒரு கறுப்புத் துணியால் மூடுங்கள். பின்னாலிருந்து நுழையும் ஒளி அளவீட்டைக் குழப்பும்.

ராவா ஜேபெக்கா என்ற கேள்விக்கு என் பதில் காட்சியைப் பொறுத்தது. 24 மெகாபிக்சலில் ஒரு ரா கோப்பு 25 எம்பி அளவு வரும். 300 படத்துக்கு 7.5 ஜிபி. கார்டு தாங்கும். தாங்காதது பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பழைய கணினி. பகல் மேகங்களுக்குப் பெரிய அளவு ஜேபெக் போதும். சூரிய மறைவு, விண்மீன் இரண்டுக்கும் ரா எடுத்தே தீர வேண்டும். இருண்ட பகுதியிலிருந்து விவரத்தை மீட்கும் இடங்கள் அவை.

விண்மீன் எடுப்பவர்களுக்கு இரண்டு குறிப்புகள். 500-ஐ லென்ஸின் முழு ஃபிரேம் நீளத்தால் (சிறிய சென்சார் கேமராவில் லென்ஸின் மில்லிமீட்டரை ஏறத்தாழ 1.5-ஆல் பெருக்கி வருவது) வகுத்தால் விண்மீன் கோடாக நீளாத அதிகபட்ச நேரம் தோராயமாகக் கிடைக்கும். 18 மில்லிமீட்டர் கிட் லென்ஸுக்கு ஏறத்தாழ 18 விநாடி. அடுத்து, நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் நீக்கத்தை மெனுவில் அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு படத்துக்கும் அதே நேரத்துக்கு ஓர் இருட்டுப் படத்தையும் எடுப்பதால் நேரம் இரட்டிப்பாகும்.

பகலில் அருவியோ கூட்டமோ வெட்டி வெட்டி ஓடுவதுபோலத் தெரிந்தால், வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்.டி. ஃபில்டர் உதவும். இடைவெளியில் பாதி நேரமாவது ஷட்டர் திறந்திருந்தால் அசைவு குழைந்து இயல்பாகத் தெரியும். வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காக்கும் என்.டி. 1000 ஒன்று 1/400 விநாடியை 2.5 விநாடியாக்கிவிடும், 5 விநாடி இடைவெளிக்குச் சரியான பாதி.

பணத்தை எங்கே போடுவது

முதல் செலவு டிரைபாட். இரண்டாவது செலவும் அதையே கனமாக்குவதுதான்: நடுத்தண்டில் கல்லோ தண்ணீர்ப் புட்டியோ நிறைந்த பை ஒன்றைத் தொங்கவிடுங்கள். கேமராவின் தோள்வாரைக் கழற்றிவிடுங்கள். காற்றில் அது படபடத்தாலே படம் அதிரும். மெரினாவிலும் கன்னியாகுமரியிலும் மணலில் கால்கள் மெல்லப் புதையும் என்பதால் கெட்டியான தரை தேடுவது நல்லது. உப்புக்காற்றுக்கு லென்ஸ் முன்னால் ஒரு யூவி ஃபில்டர் மாட்டுங்கள். தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் டிரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். வாசலில் போய்த் திரும்புவதைவிட முன்பே எழுதிக் கேட்பது மேல்.

அடுத்தது மின்சாரம். படத்தைத் திரையில் காட்டும் வசதியை அணைத்தால் பேட்டரி கணிசமாக நீடிக்கும். அதற்குமேல் தேவைப்பட்டால் பேட்டரி வடிவில் உள்ளே நுழையும் டம்மி பேட்டரியை பவர் பேங்கோடு இணைக்கலாம். புதிய மிர்ரர்லெஸ் பலவும் யூஎஸ்பி வழியாக மின்சாரம் வாங்கிக்கொண்டே இயங்கும்.

கொடைக்கானலிலும் ஊட்டியிலும் இரவு எடுப்பவர்கள் பனி ஈரத்தை மறக்கக் கூடாது. நள்ளிரவுக்குள் லென்ஸ் கண்ணாடியில் ஈரம் படிந்து விண்மீன்கள் மங்கிவிடும். யூஎஸ்பி-யில் இயங்கும் லென்ஸ் சூடாக்கும் பட்டை ஒன்று இருந்தால் விடியும்வரை கவலை இல்லை. சென்னைக்காரர்களுக்கு இதன் மறுபக்கம்: குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேரே மொட்டைமாடிக்குக் கொண்டுபோனால் அதே ஈரம் படியும். மூடிய பையிலேயே அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து பிறகு எடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு புதிதாக ஒரு கேமராவே வாங்கத்தான் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், பயன்படுத்திய கேமராவைத் தேடுவதே சரி. பணம் கொடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள். மெனுவுக்குள் போய் இடைவெளி டைமர் இருக்கிறதா, அது தனிப்படங்களாகச் சேமிக்கிறதா என்று அங்கேயே பத்துப் படம் எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டு மூடியைத் திறந்து ரிமோட் துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஷட்டர் எண்ணிக்கையைக் கேளுங்கள். 80,000-ஐத் தாண்டிய தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இந்த வேலைக்கு வேண்டாம். அந்த விலையில் எலக்ட்ரானிக் ஷட்டர் உள்ள பழைய லூமிக்ஸ் மிர்ரர்லெஸ் ஒன்று கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுத்துக்கொள்வேன்.